வெறும் எடை

கோத்தா பாருவில் சாவியைக் கொடுத்த
பல் டாக்டர் ஹோ கெங் சூன்
கிராண்டை ஒருமுறையும் காடியை இருமுறையும் தடவிவிட்டு
"மெதுவா போனாலும் வேகமா போற மாதிரி இருக்கும்,
அவ்வளவுதான் இதுல" என்றார்,
ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

சிவப்பு. துணிக்கூரை. வயது இருபத்தேழு.
கையேட்டில் போட்டிருந்தது:
தொள்ளாயிரத்து நாற்பது கிலோ.
அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன்.

பதினாறு வருஷமாகக்
குவாலா கெட்டில் செம்பனை ஆலையின்
எடைமேடைச் சன்னலில் இருக்கிறேன்.
லோரி நிறைந்து வரும், எழுதுவேன்.
காலியாய்த் திரும்பும், எழுதுவேன்.
கழித்தால் மிஞ்சுவது பழம்.
கழிப்பதற்குத்தான் சம்பளம்.

"ரெண்டு சீட்டு காடியில
யார ஏத்தப் போற?" என்றான் தம்பி இளஞ்சேரன்.
ரொஸ்னா கேட்ட புடுவை ஏற்றினேன்.
மூன்று போத்தல், பக்கத்து சீட்டில், பெல்ட் மாட்டி.
ஒன்றுக்கு மூடி சரியில்லை.
ஜெலி தாண்டுமுன்
டாக்டரின் காடி மீன் சந்தையாகிவிட்டது.

அதன்பின் மலைச்சாலை.
வளைவை நினைத்தேன்,
திரும்பிவிட்டது.

முன்னால் ஒரு மரலோரி.
கதவில் எழுதிய எண்களைப் படிக்கிற கண்
ஞாயிற்றுக்கிழமையும் சும்மா இருப்பதில்லை.
சன்னலிலிருந்து நான் பார்ப்பது லோரிகளின் உச்சந்தலை;
இங்கே அதன் சக்கர நட்டுகள்
என் காதுக்கு நேரே சுற்றின.
டயர் பிதுங்கியதைப் பார்த்தால்
நாலு டன் கூடுதல், சத்தியமாக.
யாரிடம் சொல்ல?
மூன்றாம் கியருக்கு இறக்கிக்
கடந்தேன்.
நான் கத்தியது லோரிக்காரனுக்குக் கேட்டிருக்காது.

மழை.
கூரையின் வலது கொக்கி பிடிக்கவில்லை.
ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை துணியில்,
முழங்காலில் சொட்டு சொட்டாய்த் தித்திவங்சா.

தெமெங்கோர் பாலத்துக்கு முன்னால் பனிமூட்டம்.
மஞ்சள் பலகையில் யானைப் படம்.
பலகைக்குக் கீழே யானை.

நிறுத்தினேன். விளக்கை அணைத்தேன்.
உள்ளே மடங்க வேண்டிய இரண்டு விளக்கில்
ஒன்று மடங்கியது,
ஒன்று மாட்டேன் என்றது.
கண்ணடித்தபடி
யானைக்கு எதிரே நின்றது என் காடி.

மூன்று டன் இருக்கும். மூன்றரை?
டயர் இல்லாததை மதிப்பிட எனக்கு வராது.
தும்பிக்கையை நீட்டி இரண்டு முறை முகர்ந்தது,
தலையைத் திருப்பிக்கொண்டது.
புடுவாக இருக்கலாம்.
காட்டுக்குள் அது இறங்கிய பிறகும்
தாரில் அது விட்டுப்போனது
ஆவி பறக்கக் கிடந்தது.
அதைச் சுற்றிக்கொண்டு வந்தேன்,
மரியாதையாக.

கிரிக்கில் எண்ணெய். பாலிங்கில் ஒரு கோப்பி ஓ.
ஊருக்குள் நுழைந்தபோது பத்தே முக்கால்.
வீட்டுக்குத் திரும்பும் முச்சந்தியில்
கை ஆலைப் பக்கம் திரும்பிவிட்டது.

காவலுக்கு நின்ற தில் பகதூர்
டார்ச்சை முதலில் என் முகத்தில் அடித்தான்,
பிறகு கீழே, வெகு கீழே, காடியில்.
லோரி ஏறினால் முனகுகிற இரும்புத் தட்டு
நான் ஏறியது தெரியாமலே கிடந்தது.
சன்னல் வழியாக எண்ணைப் படித்தான்:
ஆயிரத்து இருபது.
இறங்கி நின்றேன்.
தொள்ளாயிரத்து அறுபது.

கையேட்டைவிட இருபது கூடுதல்.
மூன்று போத்தல், ஸ்பேனர் பை,
மீதி கால்விரிப்பில் ஊறிய மழை.

கழித்தேன். அறுபது வந்தது.
கிளினிக்கில் ஐம்பத்தேழு.
இந்த மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
எனக்குத் தெரியும்.
இருந்தாலும் அந்த மூன்று கிலோவைத்
திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

சரக்கு என்னவென்று போடாமல்
சீட்டு அச்சாகாது.
பழம், எண்ணெய், கொட்டை, சக்கை, இதர.
இதர.

போன் அடித்தது. "வந்துட்டியா?"
வீடு நாலு கிலோமீட்டர்.
"இல்ல" என்றேன்,
கூரையை மடக்கிக்கொண்டே.